குஞ்சு தங்கும் வீடு

வாங்கிவந்த கோழிக்குஞ்சு சாவதற்கு ராசி காரணமில்லை. முதல் வாரத்தில் அதற்குக் கிடைக்காமல் போகும் சூடும் தண்ணீரும் தடுப்பு மருந்தும்தான் காரணம்.

‘எங்க வீட்டுக்குக் கோழி ராசியில்ல.’ ‘எங் கைக்குக் குஞ்சு தங்காது.’ மதுரையைச் சுற்றி எந்த ஊரில் கோழிப் பேச்சை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்று காதில் விழும். உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்து வீட்டிலும் சொல்வார்கள். செல்லூரில் மொட்டைமாடி வீட்டிலும் சொல்வார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டார்களே என்று பத்துக் குஞ்சு வாங்கி வந்திருப்பார்கள். மூன்றாம் நாள் காலையில் இரண்டு காலை நீட்டிக் கிடக்கும். அடுத்த நாள் மூன்று. ஒரு வாரத்தில் அட்டைப்பெட்டி காலியாகிவிடும். பிள்ளைகள் அழுது ஓய்ந்ததும், பெரியவர்கள் ராசிமேல் பழியைப் போட்டு அந்தப் பேச்சையே மூடிவிடுவார்கள்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொல்லலாம். வீட்டுக்கு வந்த குஞ்சைக் கொல்பவை குளிர், தாகம், நெரிசல், ஈரம், வெள்ளைக் கழிச்சல் ஆகியவைதான். இவற்றில் முதல் நான்கையும் வீட்டில் இருக்கும் பொருளை வைத்தே தடுத்துவிடலாம். ஐந்தாவதற்கு அரசாங்கமே மருந்து தருகிறது. இவ்வளவு இருந்தும் குஞ்சுகள் சாகின்றன என்றால், அவை சாகத்தான் செய்யும் என்று நாம் பழகிப்போனதுதான் காரணம். அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் இந்தக் கட்டுரை.

தாய்க்கோழி செய்யும் வேலை

அடைக்கோழி தான் பொரித்த குஞ்சுகளோடு முற்றத்தில் இறங்குவதைக் கொஞ்சநேரம் உட்கார்ந்து பாருங்கள். குஞ்சு வளர்ப்பில் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். சிறுவிடைப் பெட்டை காலால் குப்பையைச் சீய்க்கும். பூச்சி கிடைத்தால் தான் விழுங்காது. அலகில் எடுத்து, கீழே போட்டு, மறுபடி எடுத்து, தணிந்த குரலில் ‘கொக் கொக்’ என்று கூப்பிடும். குஞ்சுகள் ஓடிவந்து தாயின் அலகு தொட்ட இடத்தையே கொத்தும். வானத்தில் வைரி வட்டமடித்தால் தாயின் குரல் மாறும். அந்த நொடியே குஞ்சுகள் வேலியோரச் செடிக்குள் பதுங்கிவிடும். அவ்வப்போது தாய் சிறகை லேசாக விரித்து உட்காரும். அத்தனை குஞ்சும் உள்ளே போய்விடும். கொஞ்சம் கழித்து மார்புத் தூவிக்கு நடுவே ஒரு சின்னத் தலை மட்டும் வெளியே வந்து சுற்றுமுற்றும் பார்க்கும். பிறகு அதுவும் உள்ளே போய்விடும்.

கோழியின் உடற்சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டியது. பொரித்த குஞ்சுக்கு அந்தச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குக் கிடையாது. தாயின் சிறகுக்குள் போய்ச் சூடேற்றிக்கொண்டு, வெளியே வந்து நாலு வாய் கொத்தி, மறுபடி உள்ளே போகும். இந்தப் போக்குவரத்துதான் அதன் வாழ்க்கை. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று பழமொழி சொல்கிறோம். சாகாதுதான். ஆனால் தாயில்லாத குஞ்சுகள் குளிர் தாங்காமல் பெட்டியின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அடியில் மாட்டிக்கொண்டது மூச்சுமுட்டிச் செத்துவிடும். காலையில் நாம் பார்க்கும் சாவுகளில் பல இப்படி நேர்ந்தவை.

சந்தையிலோ பொரிப்பகத்திலோ வாங்கிவரும் குஞ்சுக்குச் சூடு தர ஆளில்லை, இரை காட்ட ஆளில்லை, எச்சரிக்க ஆளில்லை. ஒரு குஞ்சைப் புது வீட்டில் குடிவைப்பது என்றால், அந்தத் தாயின் வேலையை நான்கு வாரத்துக்கு நாம் ஏற்றுக்கொள்வது என்று பொருள். அந்த நான்கு வாரம் முடியாது என்றால் வாங்கவே வேண்டாம்.

சாயம் பூசிய பச்சிளங்குஞ்சுகள்

திருவிழாக் கூட்டத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் கூடை நிறையப் பச்சை, ரோஸ், மஞ்சள், ஊதா நிறக் குஞ்சுகளை வைத்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளின் கண் முதலில் அங்கேதான் போகும். அந்தக் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாமக்கல் வட்டாரம் முட்டைக்குப் பேர்போனது. முட்டைக்கோழிப் பொரிப்பகத்தில் குஞ்சு வெளிவந்ததும் ஆண், பெண் பிரிப்பார்கள். பெண் குஞ்சு பண்ணைக்குப் போகும். ஆண் குஞ்சு முட்டையிடாது. கறிக்கோழிபோல வேகமாக எடை போடவும் செய்யாது. வியாபாரக் கணக்கில் அதற்கு இடமில்லை. உலகம் முழுவதும் இந்த ஆண் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொன்றுவிடுவதுதான் வழக்கமாக இருந்துவந்தது. ஜெர்மனி 2022 தொடக்கத்தில் அதைச் சட்டம் போட்டு நிறுத்தியது; முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று கண்டறியும் கருவிகள் அங்கே பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. நம் ஊரில் அந்த ஆண் குஞ்சுகளில் ஒரு பகுதி மலிவு விலைக்குக் கைமாறி, சாயத்தில் நனைந்து, தெருவுக்கு வருகிறது.

பிறந்து ஓரிரு நாளே ஆன குஞ்சைச் சாயத்தில் நனைத்தால் அதன் உடற்சூடு இறங்கிவிடும். அதன்பிறகு சித்திரை வெயிலில் திறந்த கூடை, தண்ணீர் கிடையாது, ஆயிரம் கை தொடும். குஞ்சு பொரிக்கும்போது முட்டைக்கருவின் மிச்சம் அதன் வயிற்றுக்குள் போயிருக்கும். அந்தச் சத்தை வைத்து இரண்டு மூன்று நாள் இரையில்லாமல் தாக்குப்பிடிக்கும். தெருவில் அது துள்ளுவது அந்தக் கையிருப்பில்தான். வீட்டுக்கு வரும்போது கையிருப்பு தீர்ந்திருக்கும். மறுநாள் அது சாவதற்குக் குழந்தை எந்தத் தப்பும் செய்யவில்லை.

சாயக் குஞ்சை வாங்காதீர்கள். ஒன்றை வாங்கிக் காப்பாற்றினால், நாளைக்கு இன்னொரு கூடைக்குச் சாயம் கரைக்கச் சொன்னதாகிவிடும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் இனிமேல் சொல்லப்போவது எல்லாம் அதற்கும் பொருந்தும். சில வாரங்களில் சாயத் தூவி உதிர்ந்து வெள்ளைச் சேவலாக வளரும். அதற்கும் மற்றக் கோழிகளைப் போல வாழத் தெரியும்.

எதை வாங்கலாம்?

முதல்முறை வளர்ப்பவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: ஒருநாள் குஞ்சு வேண்டாம், நான்கு வாரக் குஞ்சு வாங்குங்கள். விலை கூடும். ஆனால் சூடு கொடுக்கும் காலத்தையும் முதல் இரண்டு தடுப்பு மருந்தையும் அது தாண்டியிருக்கும். தமிழக அரசின் கால்நடை பராமரிப்புத் துறை ஊராட்சி ஒன்றியத்துக்கு 100 பெண்கள் என்று தேர்ந்தெடுத்து 50 சதவீத மானியத்தில் நாட்டுக்கோழி கொடுத்த திட்டத்தில், தலைக்கு 40 குஞ்சு, அத்தனையும் நான்கு வார வயது. வீட்டுப் புறக்கடையில் எந்த வயதுக் குஞ்சு நிற்கும் என்பதைத் துறை கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறது.

திருமங்கலம் சந்தையில் வாங்கினாலும் பண்ணையில் வாங்கினாலும் குஞ்சைக் கையில் எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். கண் பளிச்சென்று இருக்க வேண்டும். கால் சூடாக இருக்க வேண்டும். தொப்புள் ஆறி மூடியிருக்க வேண்டும். பின்பக்கத் தூவியில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. உள்ளங்கையில் மல்லாத்தி வைத்தால் நல்ல குஞ்சு உடனே புரண்டு எழுந்துவிடும். கூட்டத்தில் ஒன்று சிறகைத் தொங்கப்போட்டுக் கிறங்கி நின்றால், அந்தக் கூடையிலேயே எதையும் வாங்கக் கூடாது. என்ன மருந்து, எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று கேளுங்கள். தேதி சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் மருந்து போடாத குஞ்சு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் குஞ்சு ஒருபோதும் கூடாது. தனியாக இருக்கும் குஞ்சு கழுத்தை நீட்டி ஓங்கிக் கத்திக்கொண்டே இருக்கும்; தீனி இறங்காது. குறைந்தது மூன்று, முடிந்தால் ஐந்து. கூட ஒன்று செத்துத் தனியாகிவிட்டால், இன்னொன்று கிடைக்கும்வரை பெட்டியில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைப்பது பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. பொரித்த குஞ்சு முதலில் கண்ணில் பட்டு அசைவதைத் தாயென்று நம்பிப் பின்னாலேயே வரும். இங்கிலாந்தின் டக்ளஸ் ஸ்பால்டிங் 1873-லேயே இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். நம் வீட்டுப் பிள்ளைகளின் காலைச் சுற்றிக் குஞ்சு ஓடுவதும் இதனால்தான். காலடியில் மிதிபட்டுச் சாவதும் இதனால்தான். குஞ்சைத் தரையில் விடும்போது பிள்ளைகள் உட்கார்ந்துகொள்ளட்டும்.

வெயில் ஏறுவதற்கு முன் வாங்கி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் அடியில் சாக்கு விரித்துக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு வண்டிக் கைப்பிடியில் மாட்டிவந்தால், வழியிலேயே பாதி உயிர் போய்விடும்.

முதல் இரவு

குஞ்சு வருவதற்கு முன்பே இடம் தயாராக இருக்க வேண்டும். வந்த பிறகு பல்பு தேடி ஓடக் கூடாது. இப்போது கடைகளில் எல்லாம் எல்.இ.டி. பல்புதான் முன்னால் இருக்கிறது. அது வெளிச்சம் தரும், குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. பழைய குண்டு பல்பைக் கேட்டு வாங்குங்கள். குஞ்சுக்கு 2 வாட் என்பது கணக்கு. இருபது குஞ்சுக்கு ஒரு 40 வாட் பல்பு. குஞ்சின் தலைக்கு மேலே ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட்டு, இரண்டாவதாக ஒரு கயிறும் கட்டிவிடுங்கள். பல்பு அறுந்து உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும்.

சதுரப் பெட்டி வேண்டாம். தகரத்தையோ தடித்த அட்டையையோ ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாக வளைத்து நிறுத்துங்கள். மூலையே இல்லாவிட்டால் குஞ்சுகள் குவிந்து நசுங்க வழியில்லை. தரையில் இரண்டு அங்குலம் நெல் உமி. சோழவந்தான், அலங்காநல்லூர்ப் பக்கம் அரிசி ஆலைகளில் உமி தாராளமாகக் கிடைக்கும். முதல் மூன்று நாளைக்கு உமியின்மேல் சாக்கு விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சு உமியைத் தீனி என்று கொத்தி விழுங்கும். வழவழப்பான செய்தித்தாளை மட்டும் விரிப்பவர்கள் உண்டு. அதில் கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துபோன குஞ்சு பிறகு நிற்கவே சிரமப்படும்.

முதல் வாரம் குஞ்சு நிற்கும் இடத்தில் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். பாடப்புத்தகம் இவ்வளவு சொல்லும். மதுரைக்கு இதில் ஒரு திருத்தம் உண்டு. சித்திரை, வைகாசியில் இங்கே பகல் வெயில் 38, 40 டிகிரி என்று போகும். தகரக் கூரைக்கடியில் அதற்கும் மேலே. அப்போது பகலில் பல்பு போட்டால் குஞ்சு சூட்டிலேயே சாகும். நள்ளிரவுக்கு மேல் மட்டும் தேவைப்படலாம். மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். அப்போது ஒரு மணி நேரம் மின்சாரம் போனாலும் ஆபத்து. சாக்கால் மூடி, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் சமாளித்துவிடலாம்.

வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். குஞ்சைப் பார்த்தாலே போதும். பல்புக்கு நேர் கீழே கும்பலாக ஒட்டிக்கொண்டு கத்தினால் குளிர்கிறது, பல்பை இறக்குங்கள். தகரத்தோரம் ஒதுங்கி, வாயைப் பிளந்து, சிறகை அகட்டி வைத்திருந்தால் சூடு அதிகம், ஏற்றுங்கள். வட்டம் முழுக்கப் பரவி, சில கொத்திக்கொண்டும் சில படுத்துக்கொண்டும், மெல்லிய தொடர்ந்த முணுமுணுப்பாகச் சத்தம் வந்தால் எல்லாம் சரி. அந்த முணுமுணுப்பை ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்த அறையில் இருந்தபடியே குஞ்சுகளின் நிலைமையைச் சொல்லிவிடலாம்.

முதலில் தண்ணீர், பிறகுதான் தீனி. பயணத்தில் குஞ்சு வறண்டுபோய் வரும். கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து, ஆழமில்லாத தட்டில் ஊற்றி, உள்ளே கூழாங்கல் போடுங்கள். கல் இல்லாத கிண்ணத்தில் விழுந்து மூழ்கிச் செத்த குஞ்சுகள் ஏராளம். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுக்காட்டி இறக்கிவிடுங்கள். ஒன்று தலையைத் தூக்கி விழுங்கினால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். இரண்டு மணி நேரம் கழித்து, நொய்யோ கம்புக் குருணையோ உடைத்த மக்காச்சோளமோ சாக்கின்மேலேயே தூவி, விரல் நுனியால் தட்டுங்கள். தாயின் அலகுச் சத்தம் அதுதான் என்று குஞ்சு ஓடிவரும்.

அன்றிரவும் அடுத்த சில நாட்களும் குஞ்சின் பின்பக்கத்தைப் பார்க்க மறக்காதீர்கள். எச்சம் காய்ந்து ஆசனவாயை அடைத்துக்கொண்டால் குஞ்சு இரண்டு நாளில் செத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஊறவைத்து, இழுக்காமல் துடைத்தெடுத்து, ஈரம் போகத் துடைத்து, பல்புக்கு அடியில் விடுங்கள். ஐந்து நிமிட வேலை இது.

கரையானும் கீரையும்

தானியம் மட்டும் போட்டால் குஞ்சு வளராது. முதல் இரண்டு மாதம் தீனியில் 20 சதவீதம் அளவுக்குப் புரதம் வேண்டும். கடையில் விற்கும் குஞ்சுத் தீவனம் அந்தக் கணக்கில்தான் தயாராகிறது. முதல் மாதம் அதைக் கொடுப்பது நல்லது. மானாவாரி ஊர்களில் இதற்கு ஈடான ஒரு கைமுறை உண்டு. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல், ஓலைத் துண்டு திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். விடிவதற்குள் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளின் முன் உதறினால் அரை நிமிடத்தில் ஒன்று மிஞ்சாது. வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். நகரத்தில் இருப்பவர்கள் முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போடலாம், மாடித் தொட்டியில் அசோலா வளர்க்கலாம்.

உமியை உலர்வாக வைத்துக்கொள்வதுதான் இந்தக் கட்டத்தில் முக்கியமான வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் உமி நசநசத்தால் ரத்தக் கழிச்சல் வந்துவிடும். தினமும் கிளறிவிடுங்கள். ஈரமான இடத்தை அள்ளிப் போட்டுப் புது உமி கொட்டுங்கள்.

வெள்ளைக் கழிச்சல்

இத்தனையும் ஒழுங்காகச் செய்து, குஞ்சு கைநிறைய வளர்ந்தபின் ஒரே வாரத்தில் மொத்தமும் போவது வெள்ளைக் கழிச்சலில்தான். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட நோய் இது. மறு ஆண்டே இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கேத்தில் தலைகாட்டியதால் நம் நாட்டில் ராணிக்கெட் நோய் என்று பெயர். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும், மூச்சு இழுக்கும். வந்தபின் காப்பாற்ற மருந்து கிடையாது. தடுப்பு மருந்து போடாத மந்தையில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. ‘கோழிச் சீக்கு’ என்று ஊரே கைவிட்டு உட்காரும் அந்த நோய்க்கு, சில பைசா செலவில் தடுப்பு இருக்கிறது.

முதல் வாரத்தில், 5 முதல் 7 நாளுக்குள், கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. இரண்டாம் வாரத்தில் கம்போரோ நோய்க்குச் சொட்டு. நான்காம் வாரத்தில் மறுபடி வெள்ளைக் கழிச்சலுக்கு லசோட்டா என்ற சொட்டு மருந்து. எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கு அடியில் ஊசி. அம்மைக்கும் தடுப்பு உண்டு. கோடையில் கொசு மூலம் பரவுவதால் அதையும் போட்டுவிடுவது நல்லது. மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும், கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். குடிதண்ணீரில் கலந்து கொடுக்கும் வகை என்றால் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலுள்ள குளோரின் மருந்தைக் கெடுத்துவிடும்.

இந்த ஊசி மருந்தைத் தயாரிக்கும் ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932-ல் தொடங்கியது. ஊசி போட ஆள் கிடைக்காத கிராமங்களுக்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியோடு கொடுக்கும் குருணை மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் வீட்டு வழக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். குஞ்சின் வயிற்றுக்கு நல்லதுதான். ஆனால் அதைச் சொட்டு மருந்துக்குப் பதிலாக வைத்தால் மந்தையை இழப்பீர்கள்.

கோழிகள் சட்டென்று வரிசையாகச் செத்தால் கண்மாயிலோ வைகையிலோ தூக்கிப் போடக் கூடாது. ஆழமாகக் குழிவெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிட்டு, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணிலும் கேட்கலாம். குஞ்சைத் தொட்டபின் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முகத்தோடு வைத்துக் கொஞ்சவோ முத்தம் கொடுக்கவோ விடாதீர்கள். எச்சத்தில் உள்ள கிருமி குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.

வீடு பழகுவது

நான்கு வாரத்தைத் தாண்டிய குஞ்சோ, முட்டைக்கு வரும் வெடக்கோழியோ வாங்கிவந்தால் கவலை வேறு: அது ஓடிப்போகாமல் இருக்க வேண்டும். பல வீடுகளில் காலில் கயிறு கட்டி முளையில் போடுவார்கள். கயிறு இறுகிக் கால் வீங்கி நொண்டிய கோழிகள் எத்தனையோ. பஞ்சாரம் போட்டுக் கவிழ்ப்பது அதைவிட நூறு மடங்கு மேல். கோழி வெளியே நடப்பதைப் பார்க்கும், காற்று வரும், பூனை தொட முடியாது.

ஒரு வாரம் கூண்டிலேயே தீனியும் தண்ணீரும் வைத்து அடைத்து வையுங்கள். முதன்முதலில் திறந்துவிடுவது மாலையில், இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இருக்கட்டும். காலையில் திறந்தால் பகல் முழுக்க அலைந்து வழி மறந்துவிடும். மாலையில் திறந்தால் நாலு அடி சுற்றிப் பார்ப்பதற்குள் வெளிச்சம் மங்கும். தெரிந்த ஒரே இடமான கூண்டுக்குத் திரும்பிவிடும். இது காட்டிலிருந்து வந்த குணம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் சிறுமலையிலும் திரியும் சாம்பல் காட்டுக்கோழி பொழுது சாய்ந்தால் மரக்கிளைக்கு ஏறிவிடும். அந்தப் பறவைக்கும் நம் வீட்டுக் கோழிக்கும் உறவுண்டு. வீட்டுக் கோழிகளின் மஞ்சள் கால் நிறத்துக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததை 2008-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால் கூண்டுக்குள் ஓரடி உயரத்தில் ஒரு குச்சி கட்டிக் கொடுங்கள். எட்டு வாரக் கோழி அதில் ஏறி நின்றுதான் நிம்மதியாகத் தூங்கும்.

வீட்டில் ஏற்கெனவே கோழி இருந்தால் புதிதாக வந்ததை இரண்டு வாரம் தனியே வைக்க வேண்டும். நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு ஒரு வாரம் வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பார்த்துப் பழகட்டும். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்த நார்வேக்காரர் ஷெல்டரூப்-எப்பே அந்த வரிசையை 1921-ல் உலகுக்கு எழுதிக் காட்டினார். புதுக்கோழி வந்தால் வரிசை கலையும், இரண்டு நாள் சண்டை நடக்கும். இரண்டு இடத்தில் தீனி, இரண்டு இடத்தில் தண்ணீர் வைத்தால் சண்டை சீக்கிரம் அடங்கும். ரத்தம் வந்த கோழியை உடனே பிரித்துவிடுங்கள்; ரத்தத்தைக் கண்டால் மற்றவை விடாமல் கொத்தும்.

ஊர்ப்புறத்தில் கீரி, சாரை, வைரி, காக்காய். நகரத்தில் பூனையும் பெருச்சாளியும். கம்பி வலை அரை அங்குலக் கண்ணாக இருக்கட்டும், கூண்டின் தரை சிமென்ட்டாக இருக்கட்டும். மொட்டைமாடி என்றால் இவற்றையெல்லாம் விட வெயில்தான் பெரிய எதிரி. கான்கிரீட் தளம் மதியம் காலைச் சுட்டுவிடும். பச்சை வலைக்குமேல் தென்னங்கீற்றுப் போட்டு, தரையில் மண்ணோ உமியோ கொட்டி, தண்ணீரைப் பானையில் வையுங்கள். இந்த நிழலைத் தர முடியாத மாடியில் கோழி வளர்க்கவே கூடாது என்பது என் திடமான எண்ணம்.

நான்கு மாதத்தில் சேவல் கூவத் தொடங்கும். பரிபாடலில் மதுரையைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. சேரரின் வஞ்சியும் சோழரின் உறையூரும் சேவல் கூவி விழிக்கும் ஊர்கள், எங்கள் ஊரோ மறையோதும் ஒலியில் விழிக்கும் என்று பெருமை பேசும் பாட்டு. இன்றைக்கும் நெருக்கமான தெருவில் விடிகாலைச் சேவலை எல்லோரும் விரும்புவதில்லை. முட்டைக்குச் சேவல் தேவையில்லை. பெட்டைகள் மட்டுமே போதும். குஞ்சுக்கு ஆசைப்பட்டால்தான் சேவல் வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

ஐந்தாறு மாதத்தில் முதல் முட்டை வரும். நாட்டுப்பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும், இடையில் அடைக்கு உட்காரும். அப்போது பத்து முட்டையை வைத்துவிட்டால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பல்பு, தகரம், சாக்கு எதுவும் வேண்டியதில்லை, எல்லாவற்றையும் தாயே பார்த்துக்கொள்ளும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் ஒரு நடை திருப்பரங்குன்றம் போய்வாருங்கள். அங்குள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்தில் நாட்டுக்கோழி வளர்ப்புக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் பிப்ரவரி மாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் அந்த மாதத்தில் இரண்டு வாரம் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எட்டு வாரம் கடந்த கோழி ஒன்றே ஒன்று இருந்தாலும் கூடையில் எடுத்துப் போங்கள். ஊசிக்குக் காசு கிடையாது.